ரோபோ வேக்குவம் தினமும் எங்காவது மாட்டிக்கொள்கிறது. மாட்டாமல் ஓட என்ன செய்வது?

பெருக்கித் துடைக்கும் ரோபோ வாங்கியும், அதை மீட்டெடுப்பதே தினசரி வேலையாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னார்குடியில் அம்மா இருக்கும் பழைய ஓட்டு வீட்டுக்கு நானும் ஒன்று வாங்கி வைத்தேன். அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். குனிந்து பெருக்க வேண்டாம் என்றுதான் வாங்கியது. ஆனால் அது கட்டிலுக்கு அடியில் போய் நின்றுவிட்டால் குனிய வேண்டியவர் அம்மாதான். நான் இருப்பது சென்னையில். அதனால் மாட்டாமல் ஓடவைக்க ரொம்பவே மெனக்கெட்டேன்.

மெஷினின் தலையில் குமிழ் மாதிரி இருக்கும் லேசர், தன் உயரத்தில் இருப்பதைத்தான் பார்க்கும். சுவர் தெரியும், பீரோ தெரியும். தரையோடு கிடக்கும் சார்ஜர் வயரும் கோரைப்பாயின் ஓர நூலும் தெரியாது. முன்னால் கேமரா உள்ள மாடல்கள் கொஞ்சம் சமாளிக்கும், ஆனால் மெல்லிய நூல் அவற்றுக்கும் பெரும்பாலும் தப்பிவிடும்.

எங்கள் வீட்டில் அதிகம் படுத்தியது வாழைநார். அம்மா சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்துதான் பூக் கட்டுவார். கீழே விழும் நார்த் துண்டும் தலைமுடியும் சேர்ந்து பிரஷ் உருளையின் இரண்டு முனைகளிலும் இறுகச் சுற்றிக்கொள்ளும். உருளை சுற்ற முடியாமல் மெஷின் நின்றுவிடும். இப்போது பூக் கட்டும்போது மடியில் ஒரு தாம்பாளம் இருக்கும், நார் அதிலேயே விழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவே ஊஞ்சலில் உட்கார்ந்து, மெஷினை அணைத்துக் கவிழ்த்துப் போட்டு, உருளையைக் கழற்றிக் கத்தரிக்கோலால் முடியை வெட்டி எடுக்கிறார். ஓரத்து பிரஷையும் முன் சக்கரத்தையும் கழற்றிப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தின் குழிக்குள் முடி சேருவதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்தது நிலைப்படி. இந்த மெஷின்கள் பொதுவாக 2 சென்டிமீட்டர் வரைதான் ஏறும். பழைய வீட்டு நிலைப்படி மூன்று, நான்கு அங்குலம் இருக்கும். அதை உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது, வெள்ளிக்கிழமைதோறும் அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் இடம் அது. கூடத்தையும் தாழ்வாரத்தையும் ஒரு மெஷினுக்கு உரிய வீடாக வைத்துக்கொண்டேன். அறைகளை நான் ஊருக்குப் போகும்போது தூக்கி வைத்து ஓட்டுகிறேன். எல்லா இடத்துக்கும் அனுப்ப ஆசைப்பட்டால்தான் பாதி இடத்தில் மாட்டும்.

முற்றம் உள்ள வீடு என்றால் இதைக் கட்டாயம் படியுங்கள். பள்ளத்தில் விழாமல் இருக்க, அடியில் உள்ள சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருகிறதா என்று பார்க்கின்றன. கறுப்புத் தரை அந்த ஒளியை விழுங்கிவிடும். சிவப்பு சிமெண்ட் தரையின் கறுப்பு பார்டரைப் பள்ளம் என்று நினைத்து மெஷின் பின்வாங்கும். சென்சார் மேல் டேப் ஒட்டினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். முற்றம் இருந்தால் அதைச் செய்யவே செய்யாதீர்கள், நேராக உள்ளே விழுந்துவிடும். சென்சாரில் தூசி படிந்தாலும் சிக்கல், வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் துடையுங்கள். உச்சி வெயில் முற்றத்தில் இறங்கும் நேரத்திலும் ஓட்டாமல் இருப்பது நல்லது. நான் போன் ஆப்பில் முற்றத்தைச் சுற்றி ஒரு அடி தள்ளியே, மெஷின் தாண்டாதபடி தடைக்கோடு போட்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு ஓடுகிறது.

கட்டில், பீரோ அடியை டேப் வைத்து அளந்து பாருங்கள். லேசர் குமிழ் உள்ள மெஷின்கள் பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கும். இடைவெளியும் அதே அளவில் இருந்தால்தான் குமிழ் இடித்து உள்ளே இறுகும். ஒன்று, மரக்கட்டை கொடுத்து 12 சென்டிமீட்டருக்கு உயர்த்துங்கள்; இல்லையென்றால் ஒரு பலகையால் அடைத்துவிடுங்கள். ஸ்டாண்டிங் ஃபேனின் வட்டமான அடிப்பாகத்தில் ஏறிச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும், ஃபேனை மூலைக்கு நகர்த்தி வையுங்கள். கதவை மெஷினே தள்ளி மூடிக்கொண்டு உள்ளே அடைபடும், அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்தால் போதும்.

மாப் ஓடும் நாளில் பாயைச் சுருட்டிவிட வேண்டும். விளக்கடியில் எண்ணெய் சொட்டியிருந்தால் சக்கரம் வழுக்கும்; கோலமாவு ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். பூஜை அலமாரிப் பக்கம் முழுவதும் தடைக்கோடுதான்.

கரண்ட் போனால் சார்ஜர் ஸ்டேஷன் அனுப்பும் சிக்னலும் போய்விடும், மெஷின் திரும்பி வர வழி தெரியாமல் நடுக்கூடத்தில் நிற்கும். ஸ்டேஷனை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். அப்புறம், தை மாதம் சம்பா அறுவடை முடிந்து ரேழியில் மூட்டை அடுக்கும்போது நாங்கள் அதை ஓட்டுவதே இல்லை. நெல்லும் பதரும் சாக்கு நூலும் சேர்ந்தால் எந்த பிரஷும் தாங்காது.

இத்தனைக்குப் பிறகும் எப்போதாவது நிற்கும். உங்கள் ஆப்பில் ரிமோட் போல ஓட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அம்மா போன் செய்து எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்வார், நான் இங்கிருந்தே பின்னால் நகர்த்துவேன். அதிலும் வராவிட்டால் குனிய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பால் கொண்டு வரும் தம்பி அடுத்த நாள் காலை எடுத்து வைத்துவிடுவான்.