மருமகளுக்கு என்ன பங்கு?

கேள்வி: ஹார்பரில் உழைத்து அப்பா வாங்கிய வீடு. நான்கு வருடமாக அவர் படுத்த படுக்கை. அம்மா இல்லை. நான் மணலியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறேன். அப்பாவைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. எப்போதாவது வந்துபோகும் தங்கை இப்போது பாதி கேட்கிறாள். பெற்றோரை ஹோமில் விட்டுவிட்டுச் சொத்தை மட்டும் பிரித்துக்கொள்வது வெள்ளைக்காரர்கள் வழக்கம். நம் வழக்கப்படி, வைத்துக் காப்பாற்றும் மகனுக்குத்தானே வீடு?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: வைத்துக் காப்பாற்றுவது உங்கள் மனைவி. நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் துடைத்து, டயாபர் மாற்றி, ராத்திரி அவர் இருமினால் எழுந்து உட்காரும் அந்தப் பெண்ணுக்காக இந்தக் கடிதத்தில் நீங்கள் ஒரு சதுர அடிகூடக் கேட்கவில்லை. கணவன் உயிரோடு இருக்கும்போது மருமகள் மாமனாருக்கு வாரிசே இல்லை என்கிறது உங்களுக்குப் பொருந்தும் இந்து வாரிசுரிமைச் சட்டம். ஜப்பானிலும் இந்தக் குறை இருந்தது. கூலி வாங்காமல் மாமனார், மாமியாரைக் கவனித்த மருமகள், அவர்கள் காலத்துக்குப் பின் வாரிசுகளிடம் அதற்குரிய பணம் கேட்கலாம் என்று 2019 முதல் அங்கே மாற்றிவிட்டார்கள். சீனாவில், கணவனை இழந்த பிறகும் மாமனார், மாமியாரை முக்கியமாகத் தாங்கியவள் முதல் வரிசை வாரிசு. நமக்கு இன்னும் அந்த மனம் வரவில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

வெள்ளைக்காரர்கள் வழக்கம் என்று ஒன்று கிடையாது. பிரான்ஸில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கே. அப்பா நினைத்தாலும் மாற்ற முடியாது. வசதியற்ற பெற்றோரைத் தாங்கும் கடமையும் பிள்ளைகளுக்குச் சட்டப்படி உண்டு. அவ்வளவு தூரம் எதற்கு, மண்ணடியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தைக் கேளுங்கள்: மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. யார் பார்த்துக்கொண்டாலும் அது மாறாது.

உங்கள் வீடு அப்பாவின் சுய சம்பாத்தியம். அவர் இருக்கும்வரை உங்களுக்கும் பங்கில்லை, தங்கைக்கும் இல்லை. உயில் எழுதாமல் போய்விட்டால் இருவருக்கும் சரிபாதி. அப்பா உயிரோடு இருக்கும்போதே வீட்டை உங்கள் பெயருக்கு எழுதித் தரும் செட்டில்மெண்ட் பத்திரத்தை வாங்க அவசரப்படாதீர்கள். அவராகவே எழுதித் தந்தாலும், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கட்டும். தவறினால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி அவர் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) மனு கொடுக்கலாம்.

அதே சட்டத்தில் மகளுக்கும் பராமரிக்கும் கடமை உண்டு. தங்கையிடம் முதலில் டயாபர் செலவைப் பேசுங்கள். மாதத்தில் சில நாள் வந்து தங்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால், நீங்கள் இருவரும் அறையில் இல்லாத நேரத்தில், அவர் நம்பும் ஒருவர் அவர் விருப்பத்தைக் கேட்கட்டும். மருமகள் பெயருக்கு எழுத வேண்டும் என்று அவர் சொன்னால், அதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.