பிடித்த அணியின் பேட்டர்கள் தொடர்ந்து சொதப்பினால் ரசிகர் எப்படித் தாங்குவது?

தம்பி அமெரிக்காவில், பால்டிமோரில் வேலை பார்க்கிறான். அவனால் பேஸ்பாலில் ஓரியோல்ஸ் என் அணி ஆனது. அங்கே இரவு 7 மணி ஆட்டம் என்றால் காட்பாடியில் எனக்கு விடியற்காலை 4:30. பால்காரர் வரும் முன்பே மனசு உடைந்த நாட்கள் நிறைய.

முதலில் கணக்கைப் பாருங்கள். பேஸ்பாலில் 10 வாய்ப்பில் 3 ஹிட் (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் தளம் சேர்வது) அடிப்பவரே நல்ல பேட்டர். சீசனுக்கு 162 ஆட்டம். நன்றாக அடித்த பந்தும் நேராக ஃபீல்டர் கைக்குப் போகும். அதனால் ஒரு வாரச் சறுக்கலை வைத்து யாரையும் எடை போடாதீர்கள்.

ஓரியோல்ஸ் பேட்டர் கிறிஸ் டேவிஸ் 2013-ல் 53 ஹோம்ரன் (நம் சிக்ஸர் மாதிரி, எல்லையைத் தாண்டும் அடி) அடித்தவர். அதே மனிதர் 2018 செப்டம்பரிலிருந்து தொடர்ந்து 54 முறை ஹிட் இல்லாமல் திரும்பினார். சொந்த மைதானத்திலேயே கூச்சல் போட்டார்கள். 2019 ஏப்ரல் 13 அன்று பாஸ்டனில் ஒரு ஹிட் விழுந்ததும் நான் அழுதுவிட்டேன். ஆனால் பழைய டேவிஸ் திரும்பவே இல்லை. அதையும் ஏற்கத்தான் வேண்டும்.

கிரிக்கெட்டில் சிஎஸ்கே ருதுராஜ் கதை வேறு. 2021 ஐபிஎல்லில் முதல் மூன்று ஆட்டத்தில் 5, 5, 10. "அவன தூக்குங்கப்பா" என்று எங்கள் டீக்கடையில் சொல்லாத ஆள் இல்லை. கடைசியில் 635 ரன், தொடரிலேயே அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சு தொப்பி!

சறுக்கல் நேரத்தில் நான் ஸ்கோரைப் பார்ப்பதில்லை. எந்தப் பந்தைத் தொடாமல் விடுகிறார் என்று பார்ப்பேன். வெளியே போகும் பந்துக்கு மட்டை வீசுவது குறைந்தால் நம்பிக்கை வரும். தோற்ற இரவில் மட்டும் அந்த பேட்டரின் சமூக வலைதளப் பக்கத்துக்குப் போய்த் திட்டி எழுதாதீர்கள். அவர் வீட்டாரும் படிப்பார்கள்.