6 டிபி முழுவதையும் டி.ஆர். (பேரிடர் மீட்பு) தளத்துக்கு அனுப்ப வேண்டுமா?

வணக்கம். உங்கள் கேள்வியையும் சர்வர் பட்டியலையும் பார்த்தேன்: 6 டிபி டேட்டா, மாற்றுத் தளத்துக்கு 20 எம்பிபிஎஸ் லைன், "எல்லாவற்றுக்கும் டி.ஆர். வேண்டும்" என்கிற நிர்வாகம். லைன் முழு வேகத்தில் ஓடினாலும் முதல் நகலுக்கே சுமார் 28 நாள் ஆகும். எதை அனுப்புவது, எதை விடுவது என்று பிரித்தே ஆக வேண்டும்.

ஃபோல்டர் அளவை வைத்துப் பிரிக்காதீர்கள். துறைத் தலைவர்களிடம் இரண்டே கேள்வி: இது இல்லாமல் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிப்பீர்கள்? எவ்வளவு நேரப் பதிவுகளை மறுபடி கையால் ஏற்ற முடியும்? "ஒரு நிமிடம்கூட முடியாது" என்பவரிடம் அதற்கான செலவைக் காட்டுங்கள், பதில் மாறும்.

உங்கள் பட்டியலில் இ.ஆர்.பி. (கணக்கு, கொள்முதல், இருப்பு எல்லாம் ஓடும் நிறுவன மென்பொருள்) டேட்டாபேஸ்தான் முதலில். 15 நிமிடத்துக்கொரு லாக் பேக்கப் (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு) அனுப்பினால் போதும். எஸ்.க்யூ.எல். சர்வரில் ரெக்கவரி மாடல் என்ற அமைப்பு 'சிம்பிள்' என்றிருந்தால் லாக் பேக்கப் எடுக்கவே முடியாது. 'ஃபுல்'லுக்கு மாற்றி ஒரு முழு பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பலர் கோட்டை விடுவது சார்புகளில், அதாவது டேட்டாபேஸ் இயங்கத் தேவைப்படும் மற்றவற்றில். ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளைச் சரிபார்ப்பது), டி.என்.எஸ். (சர்வர் பெயரை முகவரியாக்குவது) இல்லாமல் டி.ஆர். தளத்தில் யாரும் லாகின் செய்ய முடியாது. டேட்டாபேஸ் டி.டி.இ.யில் (டேட்டாபேஸ் ஃபைல்களை முழுதாகப் பூட்டும் வசதி) என்கிரிப்ட் ஆகியிருந்தால் அதைத் திறக்கும் சர்டிஃபிகேட்டும் அதன் பிரைவேட் கீயும் தனியே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பேக்கப் வெறும் குப்பை. பில் ஸ்கேன்கள் ஃபைல் சர்வரில் கிடந்து, டேபிளில் அவை இருக்கும் இடத்தின் முகவரி (பாத்) மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய ப்ராஜெக்ட் ஃபோல்டர்களுக்கு இரவு பேக்கப்பே தாராளம். சிசிடிவி பதிவு, டெஸ்ட் வி.எம்.கள் (சோதனைக்கான மெய்நிகர் கணினிகள்) வேண்டாம். கணக்குப் புத்தகங்கள் மட்டும் விதிவிலக்கு: கம்பெனிகள் (கணக்கு) விதிகளின் 2022 திருத்தப்படி இந்தியாவிலுள்ள சர்வரில் தினசரி பேக்கப் கட்டாயம்.

ரெப்ளிகேஷனை (மாற்றங்களை உடனுக்குடன் நகலெடுப்பதை) மட்டும் நம்பாதீர்கள், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பூட்டிய ஃபைலையும் அது விசுவாசமாக நகலெடுக்கும். அழிக்க முடியாத பிரதி ஒன்று தனியே வையுங்கள்.