‘இளைஞர்களும் கலையும்’: தலைப்பை எப்படிச் சுருக்குவது?

கேள்வி: சமூகவியல் முதுகலை மாணவி நான். புராஜெக்டுக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது. ‘இளைஞர் வளர்ச்சியில் கலைகளின் தாக்கம்’ என்று எழுதிக் கொடுத்தேன். ரொம்ப அகலம் என்று கைடு திருப்பிவிட்டார். வார இறுதியில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாடகப் பயிற்சி தருகிறேன். அவர்களையே ஆய்வுக்கு எடுக்கலாமா?

பதில்: அகலத்தைக்கூடச் சுருக்கிவிடலாம். ‘தாக்கம்’ என்ற சொல்தான் வில்லங்கம். நாடகம் கற்ற பிள்ளைகள் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள் என்று நீங்கள் காட்டினால், கூச்சமில்லாத பிள்ளைதானே முதலில் நாடகத்துக்குப் பெயர் கொடுக்கும் என்று தேர்வாளர் கேட்பார். இந்த முடிச்சை அவிழ்க்கக் குலுக்கல் முறையில் குழு பிரித்து, நீண்ட நாள் பின்தொடர வேண்டும். கனடாவில் உளவியலாளர் ஷெல்லன்பெர்க் 2004இல் வெளியிட்ட ஆய்வில் 144 ஆறு வயதுக் குழந்தைகளைக் கீபோர்டு, பாட்டு, நாடகம், எதுவும் இல்லை என்று நான்காகப் பிரித்து ஓராண்டு கவனித்தார். இசை கற்றவர்களுக்கு ஐக்யூ மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று புள்ளிகூடக் கூடுதலாக ஏறவில்லை. பழகும் விதத்தில் முன்னேற்றம் தெரிந்தது நாடகக் குழுவில். அவ்வளவு உழைப்புக்குக் கிடைத்தது அவ்வளவுதான். நான்கு மாதத்தில் நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம்.

என்னைக் கேட்டால், நின்றுபோனவர்களைத் தேடிப் போங்கள். கலையில் நீடித்தவர்களை எல்லோரும் பேட்டி எடுக்கிறார்கள். பாதியில் விட்டவரை யாரும் கேட்பதில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து ஒரு பெயரைப் பாருங்கள். ஆறு வாரம் தொடர்ந்து வருகை, பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அப்புறம் வெறும் கட்டங்கள். அந்த இடைப்பட்ட வாரங்களில் என்ன நடந்தது என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி.

கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். ‘ஏன் நின்றாய்?’ என்றால் ‘நேரமில்லை’ என்று முடித்துவிடுவார்கள். ‘கடைசியாக வந்த நாளைச் சொல்லு. வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினாய்? அன்றைக்கு உனக்கு என்ன வேடம்?’ என்று கேளுங்கள். ‘மூன்று நாடகத்திலும் நான் கூட்டத்தில் ஒருத்தன்தான்’ என்று ஒரு பையன் சொன்னால், நேரமின்மைக்குப் பின்னால் இருந்தது என்னவென்று தெரிந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு: யார் முடிவெடுக்கிறார்கள் என்று பார்ப்பது. ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியதில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கீழ் மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்றார். கதையை யார் தேர்ந்தார், வேடத்தை யார் பிரித்தார் என்று நான்கைந்து ஒத்திகைகளில் உட்கார்ந்து குறித்தாலே போதும்.

உங்கள் குழுவை எடுக்காதீர்கள். பயிற்சி தருபவர் நீங்கள்; அக்காவுக்குப் பிடித்த பதில்தான் வரும். நின்றுபோனவர்களோ உங்கள் முகத்துக்கு நேரே உங்களைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்கள். தெரிந்த வேறொரு பயிற்சியாளரின் குழுவைக் கேட்டுப் பாருங்கள்.

பதினெட்டு வயது ஆகாதவர்களிடம் பேசப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் பல வாரம் பிடிக்கலாம், அதனால் அந்த விண்ணப்பம்தான் முதல் வேலை. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் ‘ராஜா வேடம் போட்டவன்’ என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

எட்டு முதல் பத்துப் பேர் போதும். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். அந்தக் கணக்கைப் போடாமல்தான் பலர் கடைசி மாதத்தில் திண்டாடுகிறார்கள்.

கைடிடம் இப்படி எழுதிக் கொடுத்துப் பாருங்கள்: ‘நாடகக் குழுவிலிருந்து ஓராண்டுக்குள் விலகிய 14 முதல் 17 வயதினர், தாம் விலகியதை எப்படி விவரிக்கிறார்கள்?’