வார்ப்பிரும்புத் தொட்டிக்கு வெளிப்பூச்சு: பெயிண்டர் சொல்வது சரியா?

கேள்வி: சென்னைக் கடற்கரையை ஒட்டிய சாந்தோமில் உள்ள எங்கள் தாத்தா காலத்து வீட்டில், நான்கு கால்களில் நிற்கும் வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி ஒன்று இருக்கிறது. உட்புறத்து வெள்ளைப் பூச்சு நன்றாக இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் பெயிண்ட் உரிந்து துருவேறிவிட்டது. முன்பு ஒருமுறை பூசியது ஓராண்டுக்குள் கொப்புளித்துப் போனது. இப்போது வந்து பார்த்த பெயிண்டர், சுத்தியலால் தட்டித் துருவை உதிர்த்து, ஆசிட் ஊற்றிக் கழுவி, ரெட் ஆக்சைடு பிரைமர் (துருத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து எனாமல் பூசினால் போதும் என்கிறார். அப்படியே செய்யலாமா?

பதில்: ரெட் ஆக்சைடும் எனாமலும் தவறில்லை, சுத்தியலும் ஆசிட்டும்தான் கூடாது. தொட்டியின் உட்புறத்தில் இருப்பது பெயிண்ட் அன்று. இரும்பின்மேல் கடும் வெப்பத்தில் உருக்கிப் பிடிக்கவைத்த கண்ணாடிப் பூச்சு. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காத உலோகம் என்பதால், வெளியே விழும் அடி உள்ளே விரிசலாகவோ சில்லாகவோ தெரியவரும். அப்படிப் பெயர்ந்ததை வீட்டில் வைத்துப் பழையபடி சீராக்க முடியாது. பழைய பெயிண்ட்டைத் தீ வைத்துச் சுட்டு உரிப்பதும் இதே காரணத்தால் ஆகாது.

ஆசிட்டின் கதை வேறு. கடைகளில் கிடைக்கும் குளியலறை ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதிலுள்ள குளோரைடு வார்ப்பிரும்பின் சொரசொரப்பான பரப்பில் தங்கிவிடும். கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பும் அதே குளோரைடுதான். உப்பின்மேல் பெயிண்ட் பூசினால், அது காற்றிலுள்ள ஈரத்தைப் பூச்சின் வழியே உள்ளிழுத்துக்கொண்டு அடியிலிருந்து கொப்புளத்தை எழுப்பும். உங்கள் பழைய பூச்சு ஓராண்டில் போனதற்குப் பெயிண்ட்டின் தரத்தைவிட இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலை கழுவுவது. போர்த் தண்ணீரில் உப்பு இருந்தால் அதைத் தவிர்த்து, நல்ல தண்ணீரில் சிறிது சோப்புத்தூள் கலந்து, தொட்டியின் அடிப்பாகம் உட்பட இரண்டு முறை தேய்த்துக் கழுவி, பின்னர் சோப்பு போக அலசுங்கள். அதன்பின் கம்பி பிரஷ்ஷாலும் வாட்டர் பேப்பராலும் (நனைத்துத் தேய்க்கும் சொரசொரப்புத் தாள்) துருவை எடுக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: வீட்டுப் பெயிண்ட்டுகளில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாத்தா காலத்துப் பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் பறக்கும். எனவே பரப்பை நனைத்துக்கொண்டே தேய்ப்பதும், என்95 முகக்கவசம் அணிவதும், கசடை ஈரத்துணியால் துடைத்துத் தனியே கட்டி அப்புறப்படுத்துவதும், வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாமலிருப்பதும் அவசியம்.

நனைத்துத் தேய்த்த இரும்பு சென்னைக் காற்றில் சில மணி நேரத்திலேயே பழுப்பேறத் தொடங்கிவிடும். “இன்று தேய்த்து வைப்போம், நாளை வந்து பிரைமர் அடிப்போம்” என்ற வழக்கமான ஏற்பாட்டுக்கு இங்கே இடமில்லை. துடைத்து, ஹேர் டிரையரால் நன்கு உலர்த்தி, தின்னர் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்து, அன்றைக்கே பிரைமரை அடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்காதீர்கள். தை பிறந்த பின், பனி ஈரம் விலகும் காலை பத்து மணிக்குமேல் ஆரம்பிப்பது நல்லது.

எந்தப் பெயிண்ட் என்பது, பழைய பூச்சை எவ்வளவு தூரம் எடுக்க முடிகிறது என்பதைப் பொறுத்தது. முழுவதும் எடுத்து வெற்று இரும்பு தெரிந்தால், இரண்டு டப்பாக்களைக் கலந்து பூசும் எபாக்சி பிரைமரும் அதன்மேல் பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட்டும் நெடுங்காலம் உழைக்கும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் விகிதத்தை அளந்து கலக்க வேண்டும். நம் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும் என்பதால் சிறிது சிறிதாகக் கலப்பதே நல்லது. பியூ பெயிண்ட்டை மூடிய குளியலறையில் ஸ்பிரே செய்யக் கூடாது, அதன் துளிகள் நுரையீரலுக்குக் கேடு. பிரஷ் அல்லது சிறிய ரோலர் போதும். பழைய பூச்சில் ஒரு பகுதி பிடிவாதமாக ஒட்டியிருந்தால், எபாக்சியின் கரைப்பான் அதைச் சுருட்டிக் கிளப்பிவிடக்கூடும். அப்போது உங்கள் பெயிண்டர் சொன்ன ரெட் ஆக்சைடும் எனாமலுமே சரியான தேர்வு: பிரைமர் ஒரு கோட்டு, எனாமல் மெல்லியதாக இரண்டு கோட்டு, நடுவில் ஒவ்வோர் இரவு இடைவெளி. எனாமல் ஒரு லிட்டர் டின்னே போதும். சுவருக்கு வாங்கிய எமல்ஷன் மீதமிருக்கிறது என்று அதைப் பூசிவிடாதீர்கள். அதிலுள்ள தண்ணீரே வெற்று இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

வார்ப்பின் மேடுபள்ளங்களை நிரப்ப வேண்டுமானால் கார் பட்டறையில் பயன்படுத்தும் பாடி புட்டியை, பிரைமருக்கு முன் வெற்று இரும்பின்மேல் இடலாம். சுவர் புட்டி நிற்காது. என் கண்ணுக்கு அந்த மேடுபள்ளமே அழகு, விருப்பம் உங்களுடையது.

பெரும்பாலும் தவறவிடும் இடம் கால்கள். ஈரத் தரையில் நிற்கும் அந்த நான்கு அடிப்பாகங்களில்தான் துரு முதலில் ஏறும். தொட்டியின் எடை நூறு கிலோவைத் தாண்டும் என்பதால், இருவராகத் தூக்க முயலாமல், மரக்கட்டைகளின்மேல் அதை அமர்த்திவிட்டு, கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தனியே பூசுங்கள். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு காலின் அடியிலும் கெட்டியான ரப்பர் வில்லை ஒன்றை வையுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பின் ஒரு வாரம் தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டாம்.