கேரளத்து அதிரப்பள்ளி அருவியில் ஒருநாள் தண்ணீர் கொட்டுகிறது, இன்னொரு நாள் மெலிந்துகிடக்கிறதே, ஏன்?

மழையை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. சாலக்குடி ஆற்றில் அருவிக்கு மேலே பெரிங்கல்குத்து அணை, அதற்கும் மேலே சோலையாறு அணை. இரண்டும் மின்சாரத்துக்குக் கட்டியவை. கோடையில் மின்நிலையம் ஓடினால்தான் ஆற்றில் தண்ணீர். அதனால் ஒரே நாளிலேயே அருவி ஏறி இறங்கும். மழைக்காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. தனித்தனியாக விழும் தாரைகள் ஒன்றாகி, ஏறக்குறைய 80 அடி உயரத்திலிருந்து செம்மண் நிறத்தில் இறங்கும். கல்படியில் கீழே போனால் சாரலிலேயே சட்டை நனைந்துவிடும், போன் கண்ணாடியைத் துடைத்து மாளாது. குளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இது குற்றாலம் இல்லை.

என்னைக் கேட்டால் செப்டம்பர், அக்டோபர்தான். தண்ணீரும் இருக்கும், பாதையும் தெரியும்.

நம்மூர்க்காரர்கள் வால்பாறை, மளுக்கப்பாறை வழியாக இறங்குவதே அழகு. மளுக்கப்பாறைத் தேயிலைத் தோட்டத்துக் கடைகளில் தமிழிலேயே டீ சொல்லலாம். அதன்பிறகு அதிரப்பள்ளிக்குச் சற்று முன்னால் வரும் வாழச்சால் வரை காடுதான், யானை நடமாட்டம் உண்டு. செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டிலை எண்ணுவார்கள், சாயங்காலத்துக்கு மேல் விடமாட்டார்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வாழச்சால் பக்கம் இருவாச்சிப் பறவை கண்ணில் பட்டால், அருவி மெலிந்திருந்தாலும் வந்த காசு தேறிவிடும்.