முதலில் வீடு, அப்புறம்தான் குட்டி

(நாட்டு நாய் வளர்ப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் 27 வருஷமாகக் கன்னி, சிப்பிப்பாறை நாய்களை வளர்த்துவரும் பெண்மணி ஒருவர் பதில் சொல்கிறார்.)

எங்கள் சிப்பிப்பாறைப் பெட்டைக்கு 14 மாதம். இரண்டாவது தடவையாகப் பருவத்துக்கு வந்திருக்கிறாள். குட்டி போட்டால் எடுத்துக்கொள்ள 10 பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்போது சேர்க்கலாமா? – வாசகர், சாத்தூர்

வேண்டாம் அண்ணாச்சி. 14 மாதத்தில் உயரம் வந்திருக்கும், உடம்பு வந்திருக்காது. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு 2017-இல் போட்ட விதிகளும் 18 மாதம் நிரம்பாமல் சேர்க்கக்கூடாது என்றுதான் சொல்கின்றன. அடுத்தடுத்த பருவத்தில் சேர்க்கக்கூடாது, 8 வயசுக்கு மேல் கூடாது, ஆயுசுக்கும் 5 ஈத்துக்கு மேல் கூடாது என்பதும் அதில் உண்டு. குட்டி விற்கிறவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். நம் ஊர்ப் பக்கம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்த 10 பேருக்கு வருகிறேன். என் மயிலியின் முதல் ஈத்துக்கு நோட்டில் 11 பெயர் இருந்தது. குட்டி ஏழு. ஏழும் கண் திறப்பதற்குள் நோட்டில் மிஞ்சியது மூன்று பெயர். ஒருத்தருக்குக் கடுவன்தான் வேண்டும், பெட்டை வேண்டாமாம். ஒருத்தர் வீட்டில் மாமியாருக்கு நாய் ஆகாதாம். இன்னொருவர் அதற்குள் மதுரையில் லேப்ரடார் வாங்கிவிட்டார். மிச்சப் பேர் போனையே எடுக்கவில்லை. நாலு குட்டியை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குட்டிக்குத் தீனி வாங்க ஒரு வெள்ளாட்டை விற்றேன்.

அதிலிருந்து அட்வான்ஸ் வாங்குவதில்லை. "வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று மட்டும் சொல்வேன். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர் பெயருக்கு மட்டும் நோட்டில் ஒரு சுழி. ஐந்து சுழியாவது விழாமல் நான் சேர்ப்பதில்லை. உங்கள் 10 பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

18 மாதம் தாண்டி அடுத்த பருவம் வரும்போது கடுவனைப் பற்றி யோசியுங்கள். ஓட்டத்தையும் நெஞ்சையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி ஒரு கட்டி வரும், சேர்க்கையிலேயே ஒட்டிக்கொள்ளும் புற்று அது. தெரு நாயோடு திரியும் கடுவனிடம் சாதாரணமாக இருக்கும். டாக்டரிடம் இரண்டு நாயையும் காட்டி, கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லாவுக்கு ரத்தமும் பார்த்துவிடுங்கள். அப்புறம் உறவு. நம் பக்கத்தில் பாதி நாய்கள் ஒன்றுக்கொன்று சித்தப்பன், பெரியப்பன் பிள்ளைகள். தாயின் தாய் யார், தகப்பன் எந்த ஊர் என்று மூன்று தலைமுறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் சேர்க்காதீர்கள்.

ராஜபாளையம் பெட்டை 8 குட்டி போட்டிருக்கிறாள். எல்லாம் பால் வெள்ளை, மூக்கு ரோஸ். 5 வாரம் ஆகிறது. ஒரு குட்டி மட்டும் தட்டு விழுந்தாலும் எழுந்திருப்பதில்லை. "சேர்த்து விற்றுவிடு, யாருக்குத் தெரியும்" என்கிறார் என் அண்ணன். – வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

அம்மா, அந்தக் குட்டிக்குக் காது கேட்காது என்றுதான் நினைக்கிறேன். உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அது தனியாகத் தூங்கும்போது பின்பக்கமாகப் போங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது, காலடி தரையில் அதிரக்கூடாது, ஃபேன் காற்றும் திசை மாறக்கூடாது. ஓர் ஆள் தூரத்தில் நின்று சாவிக் கொத்தை ஒரு தடவை குலுக்குங்கள். கேட்கிற குட்டிக்கு முதலில் காது மடல் துடிக்கும், அப்புறம்தான் கண் திறக்கும். எங்கள் ஊரில் தெரிந்தவர் வீட்டு ராஜபாளையத்துக் குட்டி ஒன்றை இப்படிப் பார்த்தேன். மற்ற ஐந்தும் ஆளுக்கொரு மூலைக்கு ஓடின. அது மட்டும் வாயில் பால் நுரையோடு தூங்கிக்கொண்டே இருந்தது. விரலால் மெல்லத் தரையைத் தட்டினேன், உடனே விழித்துக்கொண்டது.

காரணம் அந்த வெள்ளைதான். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதுக்குள்ளும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பு முனைகள் கெட்டுப்போகின்றன. 2005-இல் தபால்தலையில் ஏறிய நாய் என்று நாம் பெருமை பேசுகிறோமே, அந்த நிறத்துக்குப் பின்னால் இந்தச் சங்கடமும் இருக்கிறது. இன்னொன்று, ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைச் சாவிக் கொத்து காட்டிக்கொடுக்காது. அதற்குக் காது நரம்பின் மின் அலையைப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். வேப்பேரியிலோ திருநெல்வேலியிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அண்ணனுக்கு என் பதில்: வாங்கினவருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். தெரியாமல் தோட்டக் காவலுக்கு விட்டால் பாவம் நாய், தூக்கத்தில் தொட்ட பிள்ளையைத் திடுக்கிட்டுக் கடித்துவைக்கும். உண்மையைச் சொல்லி, சுற்றுச்சுவர் உள்ள, சின்னப் பிள்ளைகள் இல்லாத வீட்டில் காசு வாங்காமல் கொடுங்கள். கை ஜாடையில் நன்றாகப் பழகும். கருத்தடை செய்துதான் கொடுப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். அதே ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள். மற்ற 7 குட்டிகளை வாங்குகிறவர்களிடமும் கூடப்பிறந்தது ஒன்றுக்குக் காது கேட்காது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் பின்வாங்குவார்கள். பரவாயில்லை.

வேளச்சேரியில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். நம் மண்ணின் நாய் வளர்க்க ஆசை. ஒரு கன்னிக் குட்டி கிடைக்குமா? – வாசகர், சென்னை

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னாலும் சொன்னார், கொஞ்ச நாள் என் போன் ஓயவில்லை. பாதிக்கு மேல் உங்களை மாதிரி மாடி வீட்டுக்காரர்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி, கன்னியின் வேலை ஓடுவது. மோப்பம் பிடித்து நிதானமாகப் போகிற நாய் இல்லை, கண்ணில் பட்டதும் பாய்கிற நாய். உங்கள் வளாகத்துப் பூனை கார் அடியிலிருந்து வெளியே வந்தால், கையில் பிடித்த கயிறு மட்டும்தான் உங்களிடம் மிஞ்சும். ரோட்டில் லாரி வருவது அதற்குத் தெரியாது.

நான் கேட்பது நாலே விஷயம். காலை 5 மணிக்கு எழுந்திருப்பது யார்? கயிற்றை அவிழ்த்து ஓடவிட, கதவு போட்ட இடம் எங்கே இருக்கிறது? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? 13 வருஷம் இதைச் செய்வீர்களா? பால்கனியில் கட்டிப்போடுவேன் என்று சொன்னால் போனை வைத்துவிடுவேன். பூந்தமல்லிப் பக்கம் நண்பர் ஒருவருக்குச் சுற்றுச்சுவர் போட்ட காலி மனை இருக்கிறது, தினம் கூட்டிப்போகிறேன் என்று ஒரு பையன் சொன்னான். குட்டி கொடுக்கவில்லை. மூன்று வயசான, குட்டித் துடிப்பு அடங்கிய ஒரு பெட்டையைக் கொடுத்தேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். உங்களுக்கும் வளர்ந்த நாய்தான் பொருந்தும். இல்லையென்றால் உங்கள் தெருவிலேயே ஒரு குட்டி நிற்கும், பாருங்கள். அதுவும் நம் மண்ணின் நாய்தான்.

முயல் வேட்டைக்கு நல்ல ரத்தமாக ஒரு ஜோடி வேண்டும். விலை பிரச்சினை இல்லை. – பெயர், ஊர் இல்லை

காட்டு முயலைப் பிடிப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். என்னிடம் கிடையாது. நீங்கள் பெயர் எழுதாததிலிருந்தே உங்களுக்கும் அது தெரியும் என்று தெரிகிறது.

சொந்தக்காரர் ஒருவர் 30 நாளிலேயே குட்டி கேட்கிறார். "சின்னதாக எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும்" என்கிறார். எப்படி மறுப்பது? – வாசகி, கயத்தாறு

என்னைக் கெட்டவளாக்கிவிடுங்கள். "அந்த அம்மா 8 வாரத்துக்கு முன்னால் கொடுக்கக்கூடாது என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார், சட்டமும் அப்படித்தான்" என்று சொல்லுங்கள்.

நான் மறுக்கத் தெரியாமல் ஒரு தடவை கொடுத்தேன். என் வீட்டுக்காரர் வழிச் சொந்தம். தை முதல் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒரே பிடி. குட்டிக்கு 34 நாள். செவலை, நெற்றியில் ஒரு வெள்ளைச் சொட்டு. சட்டைக்குள் வைத்து பைக்கில் கொண்டுபோனார்கள். பன்னிரண்டாம் நாள் ராத்திரி போன் வந்தது, வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு. பார்வோ, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய். மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றியும் நிற்கவில்லை. அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். முதல் தடுப்பூசியே ஆறாவது வாரத்துக்கு மேல்தான். அதற்கு முன்னால் என் வாசலைத் தாண்ட விட்டது நான்தானே.

ஊசி ஒரு பக்கம் இருக்கட்டும். அஞ்சாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை கூடப்பிறந்ததுகள் ஒன்றையொன்று கடித்துப் புரளும். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி படிப்பது அங்கேதான். அதைப் படிக்காத குட்டிதான் உங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையின் கையைக் கடிக்கும். ஆள் ஒட்டுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், மூன்று மாதம் வரைக்கும் குட்டி புது மனுஷரோடு நன்றாகவே ஒட்டும்.

200 ஆடு வைத்து, ராத்திரி வயலில் அடைத்துக் கிடை போடுகிறோம். ராத்திரியில் ஆட்டுத் திருட்டும் நரித் தொல்லையும் இருக்கிறது. உங்களிடம் எந்தக் குட்டியை எடுக்கலாம்? – கீதாரி (ஆட்டு மந்தைக்குத் தலைவர்) ஒருவர், இளையான்குடி

என்னிடம் எடுக்காதீர்கள் அண்ணாச்சி. என்னிடம் இருப்பது ஓட்ட நாய், உங்களுக்கு வேண்டியது காவல் நாய். என் குட்டி உங்கள் ஆட்டுக்குட்டி துள்ளுகிற துள்ளலைப் பார்த்து விரட்டத் தொடங்கிவிடும். ராத்திரி கிடையைச் சுற்றிப் படுத்து, சத்தம் வந்த திசையில் குரல் கொடுத்து நிற்கிற நாய் வேறு. பக்கத்துக் கிடையில் நன்றாக வேலை செய்கிற பெட்டை இருந்தால் அதன் குட்டியைக் கேளுங்கள். தாய் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில் எடுப்பதுதான் உங்களுக்குத் தோது. தேனிப் பக்கம் கோம்பை எடுத்தாலும் தாய் தகப்பனைப் பார்த்து எடுங்கள்.

எட்டு வாரத்தில் கொண்டுவந்ததும் வீட்டில் வளர்த்து அப்புறம் கிடைக்கு அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். நேராக, ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் கூடாப்புக்குப் பக்கத்தில் விடுங்கள். ஆட்டு வாடையிலேயே வளரட்டும். எந்தக் குட்டி என்று பொறுக்கும்போது, நாய்க்குட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்பூனைப் போட்டுப் பாருங்கள். முதலில் பாய்ந்து வருவதும் வேண்டாம், ஓடி ஒளிந்து வராமலே இருப்பதும் வேண்டாம். ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் தானாக வந்து மோந்து பார்க்கிறதே, அது உங்கள் குட்டி. வலசை கிளம்பும் முன் வெறிநாய்த் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். மூன்று மாதத்தில் போடலாம், கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

உங்களிடம் வாங்கிய குட்டியை வளர்க்க முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? – வாசகர், விருதுநகர்

எடுத்துக்கொள்வேன். எத்தனை வயசானாலும். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது சீரோடு ஒரு கன்னிப் பெட்டையும் கூட வந்தது, எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். வண்டியில் ஏற்றும்போது என் அம்மா, "நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்கு இங்கே இடம் உண்டு" என்றாள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இப்போது குட்டி கொண்டுபோகிறவரிடம் நானும் அதைத்தான் சொல்கிறேன்.

இதுவரை மூன்று நாய் திரும்பி வந்திருக்கிறது. ஒன்று வெளிநாட்டு வேலை கிடைத்தவர் கொண்டுவந்தது. ஒன்று கோழியைப் பிடித்துப் பிடித்துத் தின்றதால். மூன்றாவதுக்குக் கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த புண், விரல் வைத்தால் பதிகிற ஆழம். அந்த வீட்டுக்காரர் பெயரை நோட்டில் சிவப்பு மையில் அடித்துவைத்திருக்கிறேன்.

ஆறு மாதத்துக்குள் வந்தால் பணம் முழுசாகத் தருவேன், அதற்கு மேல் பாதி. இரண்டு நாள் முன்னால் போன் செய்துவிட்டு வாருங்கள், தடுப்பூசி அட்டையையும் அது படுத்த சாக்கையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.